இருபத்தொன்பதாயிரம் என்றால் முழங்காலளவா, இடுப்பளவா?

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. ஒன்றரை அடிக்குச் சற்று மேல். அவ்வளவுதானே என்று தோன்றுகிறதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் சேரும். 49 செ.மீ. என்றால் 490 லிட்டர். 600 சதுர அடி, அதாவது சுமார் 56 சதுர மீட்டர் மொட்டைமாடி ஒன்றில் மட்டும் 27,000 லிட்டருக்கு மேல் விழுந்திருக்கும். கோடையில் நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் இரண்டிலும் அது அடங்காது. பெய்த இடத்திலேயே நீர் நிற்பதுமில்லை. மேட்டில் பெய்ததும் பள்ளத்து வீட்டின் கணக்கில்தான் சேரும்.

டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. வெள்ளம் வடிந்த சில நாட்களில், எங்கள் தெருவில் துணி தேய்க்கும் பெரியவர் என்னிடம் கேட்டார்: “சார், இருபத்தொன்பதாயிரம்னா முழங்காலளவா, இடுப்பளவா? இடுப்பளவுன்னு சொல்லியிருந்தா துணிமூட்டையையாவது பரண்மேல போட்டிருப்பேனே!” அவருடைய இஸ்திரிப் பெட்டியும் ஊரார் துணிகளும் வெள்ளத்தோடு போயிருந்தன. இயற்பியல் கற்பிக்கும் நான் விழித்தேன்.

ஒரு கன அடி 28.3 லிட்டர். ஆகவே விநாடிக்குச் சுமார் 8,20,000 லிட்டர். ஒவ்வொரு விநாடியும் 68 தண்ணீர் லாரிகள்! ஆனால் ஆழத்தை அறிய இது போதாது. ஓட்டம் என்பது அகலம், ஆழம், வேகம் மூன்றின் பெருக்கல் ஆகும். எடுத்துக்காட்டாக, ஆற்றின் அகலம் 100 மீட்டர், வேகம் விநாடிக்கு 2 மீட்டர் என்று கொள்வோம். 820 கன மீட்டர் நீர் சுமார் 4 மீட்டர் ஆழத்தில் ஓடும். ஆக்கிரமிப்பால் அகலம் 50 மீட்டராகச் சுருங்கினால், அதே வேகத்தில் 8 மீட்டர் ஆழம் வேண்டும். கரை அவ்வளவு உயரமில்லையே! மிச்ச நீர் வீடுகளுக்குள்தான் போக வேண்டும். ஆற்றோரத்தில் வாடகை குறைவு என்று குடியிருப்பவர்களின் வீடுகள்தாம் அங்கே முதலில் நிற்கின்றன.

இன்னொன்று: அந்த எண் பெரியவருக்கு உரியதே அன்று. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் கலக்கிறது. அவர் வசிக்கும் முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. அங்கே வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீர். அந்த ஏரிகளைப் பற்றி யார் அவரிடம் சொன்னார்கள்?

காற்றின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது கொள்ளக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. புவி சூடாகச் சூடாகப் பெருமழைகள் வலுக்கும் என்பது இதனால்தான். எனினும், 2015 மழையை ஆராய்ந்த அறிவியலாளர்கள், அந்த ஒரு நாள் மழையில் புவி வெப்ப உயர்வின் பங்கு தெளிவாகத் தென்படவில்லை என்றே எழுதினர். மேடையில் முழங்குவோர் இதை ஏனோ சொல்வதில்லை.

இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் நீங்கள் ஓர் அளவுநாடாவுடன் புறப்படுங்கள். 2015 வெள்ளம் எதுவரை வந்தது என்று உங்கள் தெருவின் மூத்தவர்களைக் கேட்டு, தரையிலிருந்து அளந்து சுவரில் கோடிடுங்கள். செ.மீ. எண்ணுக்குப் பக்கத்தில் முழங்கால், இடுப்பு என்றும் எழுதுங்கள். பெரியவர் தம் கதவில் இஸ்திரிக் கரியால் அப்போதே கோடிட்டு வைத்திருந்தார். அளந்தேன்: 112 செ.மீ. “நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே” என்றார் அவர்.