போரின் ஆழத்தை ஒலி அட்டையால் அளக்கலாமா?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? கரிசல் காடும் சீமைக்கருவேலுமாக நீளும் வழி அது. குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலைத்தான் காணலாம். "போரில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது?" என்பது இங்குள்ள உழவர்களின் ஓயாத கேள்வி. தண்ணீருக்கு மேலே மோட்டார் வெற்றாக ஓடினால் கருகிவிடும் அல்லவா? கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினாலோ, உள்ளிருக்கும் குழாயிலும் மின்கம்பியிலும் அது சிக்கிக்கொள்ளும்.

ஒலி சிக்காது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் செல்கிறது. தண்ணீர் 30 மீட்டர் கீழே இருந்தால், மேலே எழுப்பிய 'டக்' ஒலி 60 மீட்டர் போய்வர 0.17 நொடி ஆகும். இந்த நேரத்தைக் கைக்கடிகாரத்தால் அளக்க முடியாது. ஆனால் கணினியின் ஒலி அட்டையால் முடியும். அது நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து குறிக்கிறது. ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒலி 0.8 செ.மீ. நகர்கிறது. போக்கும் வரவும் சேர்ந்ததால், ஆழத்தில் அது 0.4 செ.மீ. தான்!

அப்படியானால் எந்த அட்டையை வாங்குவது? காவலர்கள் கையிலுள்ள வாக்கி-டாக்கியில் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க மட்டுமே முடியும். தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். இந்த இரண்டாம் வகையே 'ஃபுல் டூப்ளெக்ஸ்'. நம் அட்டையும் 'டக்' ஒலியை அனுப்பிக்கொண்டே எதிரொலியைப் பதிய வேண்டும். பழைய அட்டைகள் பலவற்றில் இது இயலாது. இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி அட்டைகளே பெரும்பாலும் இதைச் செய்துவிடும். ஒலிபெருக்கிக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என இரண்டு துளைகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

அனுப்புவதற்கு ஓர் அட்டை, பதிவதற்கு வேறோர் அட்டை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வோர் அட்டையும் தனக்குள் ஒரு படிகக் கடிகாரம் கொண்டது. இரண்டும் இலட்சத்தில் ஐந்து பங்கே வேறுபட்டாலும், ஒரு நிமிடத்தில் 3 மில்லிநொடி பிசகிவிடும். ஆழத்தில் அது அரை மீட்டர்! நாமோ, அரை நொடிக்கு ஒன்றாக 100 'டக்' ஒலிகளை எழுப்பி, பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி காணப் போகிறோம். அப்போதுதான் காற்றின் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். கடிகாரம் பிசகினால் எதிரொலியும் கரைந்துபோகும்.

ஒருமுறை என் ஆய்வுக்கூடத்தில் எல்லாம் சரியாக இருந்தும் எதிரொலி மட்டும் வரவே இல்லை. அரை நாள் தேடினோம். குற்றம் அட்டையினுடையது அன்று. தொலைபேசி உரையாடலின் வசதிக்காக, எதிரொலியை நீக்கும் ஏற்பாடு ஒன்று கணினியில் இயங்கிக்கொண்டிருந்தது! நாங்கள் தேடியதையே அது கடமையாகத் துடைத்துக்கொண்டிருந்தது. அதை முதலில் அணைத்துவிடுங்கள்.

போருக்குப் போகுமுன் வீட்டில் சோதியுங்கள். 3 மீட்டர் பிவிசி குழாயின் ஒரு முனையை மூடி, மறுமுனையில் சிறு ஒலிபெருக்கியையும் மைக்கையும் வையுங்கள். 'ஆடாசிட்டி' என்னும் இலவச மென்பொருள் ஒலியை எழுப்பிக்கொண்டே பதியும். முதலில் நேரே வந்த ஒலி, பிறகு எதிரொலி. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 758 அளவுகள் இருக்க வேண்டும். மூடியில்லாத போரின் அருகே மட்டும் தனியே போகாதீர்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.

இன்னும் விலையுயர்ந்த அட்டை வாங்கினால் அளவு மேலும் துல்லியமாகுமா? ஆகாது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடுகிறது. சித்திரை வெயிலில் வெளியே 40 டிகிரி, போருக்குள் 30 டிகிரி என்று கொள்வோம். வெளி வெப்பத்தை வைத்துக் கணக்கிட்டால் 30 மீட்டரில் அரை மீட்டர் தவறும். ஆகவே, மிச்சப்படும் பணத்தில் ஒரு வெப்பமானி வாங்கி, நூலில் கட்டிப் போருக்குள் சிறிது தூரம் இறக்கிப் பாருங்கள்.