ஓர் இன்ஸ்பெக்டர் வருகிறார்

ஆங்கில நாடகாசிரியர் ஜே. பி. பிரீஸ்ட்லி (1894-1984) முதலாம் உலகப் போரில் போர்முனை கண்டவர். 1940இல் பி.பி.சி. வானொலியில் நிகழ்த்திய ஞாயிறு மாலைப் பேச்சுகளால் நாடறிந்த குரலானவர். அவரது 'ஓர் இன்ஸ்பெக்டர் வருகிறார்' என்னும் நாடகம் 1945இல் சோவியத் யூனியனிலும், மறு ஆண்டு இலண்டனிலும் மேடையேறியது. கதை நிகழ்வதோ 1912இல்.

ஆலை முதலாளி ஆதர் பேர்லிங்கின் இல்லத்தில் மகள் ஷீலாவின் திருமண நிச்சய விருந்து. போர் வராது, டைட்டானிக் கப்பல் மூழ்காது என்று பேர்லிங் உறுதி கூறுகிறார். அவர் அறியாததைப் பார்வையாளர் அறிவர். ஒருவன் தன்னையும் தன் குடும்பத்தையும் கவனித்தாற் போதும் என்று அவர் உபதேசிக்கும் வேளையில் அழைப்பு மணி ஒலிக்கிறது. வந்தவர் இன்ஸ்பெக்டர் கூல். ஈவா சிமித் என்ற இளம்பெண் கிருமிநாசினி அருந்தி இறந்துவிட்டாள் என்கிறார்.

விசாரணை ஒவ்வொருவராகத் தொடர்கிறது. வாரக் கூலியை 25 ஷில்லிங்காக உயர்த்தக் கோரிய வேலைநிறுத்தத்தில் முன்னின்றாள் என்பதற்காக அவளை வேலைநீக்கியவர் பேர்லிங். அடுத்துக் கிடைத்த கடை வேலையைப் பறித்தது ஷீலாவின் சினம். சில மாதங்கள் ஆதரித்துக் கைவிட்டவன் ஷீலாவை மணக்கவிருக்கும் ஜெரால்ட். கர்ப்பிணியாக வந்தவளுக்குத் தருமசங்கத்தின் உதவி கிடைக்காமற் செய்தவர் திருமதி பேர்லிங். குழந்தையின் தகப்பனே பொறுப்பாளி, அவனைத் தண்டிக்க வேண்டும் என்று அவர் வாதிடும்போது, ஷீலாவுக்கு உண்மை புரிந்துவிடுகிறது. தாயைத் தடுக்கிறாள், தாய் கேட்பதாயில்லை. அந்தத் தகப்பன் அவரது மகன் எரிக். தன் தீர்ப்பைத் தன் பிள்ளைமீதே எழுதிவிடுகிறார் தாய்.

இன்ஸ்பெக்டர் சென்றபின், அப்படியொரு பொலிஸ் அதிகாரியே இல்லையென்றும், வைத்தியசாலையில் அன்று அவ்வாறான மரணம் நிகழவில்லையென்றும் தெரியவருகிறது. பெற்றோருக்குப் பெரும் நிம்மதி. பேர்லிங்கின் கவலையெல்லாம் ஊர்வாயும் கைநழுவவிருந்த 'சேர்' பட்டமுமே. ஆனால் ஷீலாவும் எரிக்கும் அந்த நிம்மதியில் பங்கேற்க மறுக்கின்றனர். யாரும் இறக்காவிடினும் நாம் செய்தவை செய்தவைதாமே என்பது அவர்கள் நிலை.

இதனை முதுமைக்கும் இளமைக்குமான பூசலென்று மட்டும் கொள்ளலாகாது. இளைஞனான ஜெரால்ட் பெரியவர்கள் பக்கமே நிற்கிறான். கற்றுக்கொள்ள விரும்புவோரையும் விரும்பாதோரையுமே பிரீஸ்ட்லி எதிரெதிரே நிறுத்துகிறார். மேடையில் ஒருகணமும் தோன்றாத ஓர் ஏழைப் பெண்ணே அதற்கு அளவுகோல்.

இறுதியில் தொலைபேசி ஒலிக்கிறது. வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வழியில் ஒரு பெண் சற்றுமுன் இறந்துவிட்டாள். விசாரிக்க ஓர் இன்ஸ்பெக்டர் வருகிறார். திரை விழுகிறது. விசாரணை இனித்தான் தொடங்கவிருக்கிறது.