நல்ல தொழுகையாளி என்றால் நல்ல காண்ட்ராக்டரா?

வீட்டில் மராமத்து வேலை என்று வந்துவிட்டால் நம் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, "நம்ம ஆளு யாராவது இருக்காங்களா?" என்பதுதான். நம்ம ஆளு என்றால் ஐவேளை பள்ளிக்கு வருபவர், ஜமாஅத்தில் முகம் தெரிந்தவர், மச்சான் வழியில் ஏதோ ஒரு சொந்தம். வீட்டுக்காரர் சவூதியிலோ துபாயிலோ இருப்பார். வேலையைக் கவனிக்கும் பொறுப்பு மனைவி மீதோ வயதான வாப்பா மீதோ விழும். தெரிந்த முகம் என்றால் ஒரு நிம்மதி என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த ஒன்றை மட்டும் நம்பி லட்சக்கணக்கில் பணத்தை எடுத்துக் கொடுக்கலாமா?

உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் மற்றொருவருக்காகச் சாட்சி சொல்ல வந்த நிகழ்ச்சியை பைஹகீ இமாம் பதிவு செய்துள்ளார்கள். அவருடைய அண்டை வீட்டுக்காரரா நீ, அவரோடு பயணம் போயிருக்கிறாயா, தீனார் திர்ஹம் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறாயா என்று உமர் (ரலி) கேட்டார்கள். மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் உனக்கு அவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளியில் தொழக் கண்டதை ஒருவரை அறிந்ததற்கான ஆதாரமாக அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. தொழுகையைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். தொழுகை அவருக்கும் ரப்புக்கும் இடையிலானது. நம் வீட்டுத் தளம் ஒழுகாமல் இருக்க வேண்டுமானால் வேறு சாட்சியும் வேண்டும்.

அது என்ன சாட்சி? மூஸா (அலை) மத்யனுக்கு வந்தபோது நடந்ததைப் பாருங்கள். அவரை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி தந்தையிடம் சொன்ன பெண், இரண்டு தகுதிகளைக் குறிப்பிட்டதாகக் குர்ஆன் 28:26 கூறுகிறது: வலிமை, நம்பிக்கைக்குரிய தன்மை. இரண்டும் சேர்ந்தே வேண்டும். நாணயமான ஆள், ஆனால் வேலை தெரியாது என்றால் வீடு கெடும். வேலை தெரியும், நாணயம் இல்லை என்றால் பணம் போகும். அந்தப் பெண் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. கிணற்றடியில் கூட்டத்துக்கு நடுவே அவர் கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டியதைக் கண்ணால் கண்டிருந்தார்.

ஆகவே காண்ட்ராக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சதுர அடிக்கு என்ன ரேட் என்பதல்ல. "மூன்று மழைக்கு முன்னால் நீங்கள் முடித்த வேலை எங்கே இருக்கிறது?" போன மாதம் முடித்த வீடு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். பழைய வேலையைப் போய்ப் பாருங்கள். அந்த வீட்டுப் பெண்களிடம் உங்கள் வீட்டுப் பெண்கள் பேசட்டும். சொன்ன தேதிக்கு முடித்தாரா, இடையில் ஆட்களை வேறு வேலைக்குக் கூட்டிப் போனாரா, முடித்த பிறகு ஒரு குறை என்று கூப்பிட்டபோது வந்தாரா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

வேலை தெரிந்தவரா என்பதை, அவர் வீட்டைப் பார்க்கும் விதத்திலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் போன்ற கடலோர ஊர்களில் அடிக்கடி வரும் பிரச்சினை ஒன்று உண்டு. உப்புக் காற்றில் தளத்துக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பும். அடியில் கான்கிரீட் பெயர்ந்து விழும். ஒருவர் வாசலில் நின்றபடியே "பூசிவிட்டால் சரியாகிவிடும்" என்று தொகை சொல்கிறார். இன்னொருவர் பெயர்ந்த இடத்தைத் தட்டிப் பார்க்கிறார், மாடிக்கு ஏறித் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்கிறார். தளர்ந்ததையெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, அது எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்த்த பிறகே கணக்குச் சொல்ல முடியும் என்கிறார். இரண்டாமவரின் தொகை கூடுதலாகத்தான் இருக்கும். முதலாமவரின் பூச்சு அடுத்த சில மழைக்குள் மறுபடி விழும். முன்னோர் கட்டிய சுண்ணாம்புச் சுவரின் மேல் யோசிக்காமல் கெட்டியாகச் சிமெண்ட் பூசுபவரிடமும் கவனமாக இருங்கள். ஓதம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே நின்றுவிடும். சுவரை இடித்து ஹாலைப் பெரிதாக்குவது என்றால், காண்ட்ராக்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு பொறியாளர் பார்க்காமல் இடிக்க விடக் கூடாது.

அடுத்தது எழுத்து. பள்ளிக்குப் பஞ்சாயத்துக்கு வரும் கட்டட வழக்குகளில் நான் முதலில் கேட்பது, எழுதியிருக்கிறீர்களா என்பதுதான். "இல்லை ஹஜ்ரத், நம்ம ஆளுதானேன்னு விட்டுட்டோம்" என்பார்கள். குர்ஆனின் மிக நீளமான வசனமான 2:282 கொடுக்கல் வாங்கலை எழுதுவதைப் பற்றியதே. தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிக்க வேண்டாம் என்கிறது. பொறுப்பு யார் மீது இருக்கிறதோ அவரே வாசகத்தைச் சொல்லட்டும் என்றும் சொல்கிறது. முன்பணம் வாங்கிய காண்ட்ராக்டர் நமக்கு வேலை கடன்பட்டவர். எனவே என்ன செய்து தருவார் என்பதை அவரே சொல்லி, எழுதி, கையெழுத்திடுவதுதான் சரி. எழுதக் கேட்டால் "என்னை நம்பவில்லையா?" என்று முகம் சுளிப்பவரிடம் சண்டை வேண்டாம், ஸலாம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

எதை எழுதுவது? லேபர் காண்ட்ராக்டா, பொருளோடு சேர்த்தா என்பது முதல் வரி. பொருளோடு என்றால் எந்தக் கம்பெனி சிமெண்ட், எந்தக் கம்பி, எம்-சாண்ட் என்றால் பூச்சுக்கு எது, கான்கிரீட்டுக்கு எது, டைல்ஸ் என்ன விலைக்குள் என்று பெயரோடு வர வேண்டும். 'நல்ல தரமான பொருள்' என்று எழுதுவதில் ஒரு பயனும் இல்லை. புதுக் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள், பிபிசி சிமெண்ட் என்றால் 10 நாள் ஈரம் காயாமல் தண்ணீர் காட்ட வேண்டும். அது யார் பொறுப்பு என்று எழுதாவிட்டால், இரண்டு பேருமே காட்ட மாட்டார்கள். எக்ஸ்ட்ரா வேலை எதுவானாலும் தொகை பேசி ஒப்புக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும் என்ற வரியையும் சேருங்கள். நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை இந்த எக்ஸ்ட்ராவில் தொடங்கியவையே. பெண்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் வேலை நேரம், ஆட்கள் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்பதையும் பேசிவிடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

பணத்தை வேலையின் கட்டங்களுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுங்கள். நகையை விற்ற பணம் மொத்தமாகக் கையில் இருக்கிறது என்பதற்காகப் பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டால், அந்தப் பணத்தில் வேறொருவர் வீட்டு வேலை முடியும். கடைசி 5 அல்லது 10 சதவீதத்தை ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று கடந்த பிறகு தருவது நல்ல ஏற்பாடு. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதை ஆரம்பத்திலேயே பேசி எழுதியிருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு நாமாக ஒரு தொகையைப் பிடித்து வைத்தால் அது அநீதி. தொழிலாளியின் வியர்வை காயும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் கட்டளை வீட்டுக்காரரையும் கட்டுப்படுத்தும், காண்ட்ராக்டரையும் கட்டுப்படுத்தும். சனிக்கிழமை சாயங்காலம் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அவர் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுக்கிறாரா என்று கவனியுங்கள். அவர்களிடம் இழுத்தடிப்பவர் நம்மிடம் மட்டும் நாணயமாக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இஸ்திகாரா தொழுவது நல்லது. ஆனால் விசாரிக்காமல் அதை மட்டும் தொழுதுவிட்டு முன்பணம் கொடுப்பவர்கள், ஆலோசனை கேட்பதும் ஸுன்னத்தே என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் வேலை பாதியில் நின்றால், முதலில் இரு தரப்பையும் அறிந்த ஒருவரை வைத்துப் பேசுங்கள். அதில் தீராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நம்ம ஆளு மீது வழக்கா என்று தயங்குபவர்கள் உண்டு. உரிமையைக் கேட்பது உறவை முறிப்பதாகாது. ஆணையத்திலும் முதலில் கேட்கப்படுவது அந்த எழுத்தும், பணம் கொடுத்த ரசீதும்தான். கையில் பணமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். கையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், தேதியும் தொகையும் எழுதி அன்றே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.