தாண்ட சில்லும் மின்சாரப் பிக்கப்பும்: இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

உலகின் விலை உயர்ந்த மின்சாரப் பிக்கப் வாகனங்கள் இன்று பெருமையோடு விளம்பரப்படுத்துகிற ஒரு பொறிமுறை, புதுக்குடியிருப்பு வயல்களில் பல தசாப்தங்களாகச் சேறு அப்பிய ஒரு சின்ன மிதியாக இருந்து வருகிறது, தெரியுமா? மசி பெர்குசன் உழவு இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தால் வலது குதிக்காலுக்குக் கிட்டத் தட்டுப்படுமே, அந்த இரும்புத் துண்டுதான்! காலபோக உழவில் ஒரு பின்சில்லு சேற்றுக்குள் தாண்டு சும்மா சுழலும். மற்றச் சில்லு அசையாமல் நிற்கும். வரம்பில் நிற்கிற பெரியவர் கத்துவார்: "தம்பி, லொக்கை மிதி!" மிதித்த கையோடு இரண்டு சில்லும் சேர்ந்து சுழலும், இயந்திரம் உறுமிக்கொண்டு எழும்பி வரும். டிபரன்சல் லொக் என்பது இதுதான்.

ஆனால் இரண்டு சில்லும் எப்போதும் ஒன்றாகச் சுழல விடாமல், நடுவில் டிபரன்சல் என்ற பற்சில்லுக் கூட்டத்தை ஏன் வைத்தார்கள்? இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கேட்டால் அசந்துபோவீர்கள்! இடச் சில்லுக்கும் வலச் சில்லுக்கும் இடையில் 1.5 மீற்றர் தூரம் என்று வையுங்கள். வண்டி ஒரு கிணற்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வந்தால் வெளிச்சில்லு உட்சில்லைவிட 9.4 மீற்றர் கூடுதலாக ஓடியிருக்கும். சரி, முத்தையன்கட்டுக் குளத்தையே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தால்? அதே 9.4 மீற்றர்தான்! வட்டம் எவ்வளவு பெரிதானாலும் வித்தியாசம் மாறாது. இரண்டு சில்லும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியிருந்தால் இந்த 9.4 மீற்றரை ஏதாவதொரு ரயர் தேய்ந்துதான் சமாளிக்க வேண்டும். இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக நாம் இன்று அறிந்த டிபரன்சலுக்கு உரிமம் எடுத்தவர் ஒனேசிஃபோர் பெக்கேர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கைவினைஞர். ஆண்டு 1827. பெற்றோல் கார் பிறக்க இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அவர் அதைச் செய்தது நீராவி வண்டிக்கு!

தார் றோட்டில் அற்புதமாக வேலை செய்கிற இந்த டிபரன்சல் சேற்றில் எதிரியாகிவிடும். சாதாரண டிபரன்சல் இரண்டு சில்லுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையையே கொடுக்கும். ஒரு சில்லு வழுக்குகிற களியில் நின்றால் அதைச் சுழற்றக் கொஞ்ச விசை போதும். அப்படியானால் உறுதியான நிலத்தில் நிற்கிற மற்றச் சில்லுக்கும் அந்தக் கொஞ்ச விசைதான்! எஞ்சினில் எத்தனை குதிரைவலு இருந்தும் பயனில்லை.

மிதி வேலை செய்யாத பழைய இயந்திரத்திலும் நம்முடைய ஓட்டுநர்கள் வெளியே வந்துவிடுவார்கள். எப்படித் தெரியுமா? உழவு இயந்திரத்தில் இடதுக்கு ஒரு பிரேக், வலதுக்கு ஒரு பிரேக். சும்மா சுழல்கிற சில்லின் பிரேக்கை மட்டும் மெல்ல அழுத்தினால், அதைச் சுழற்றக் கூடுதல் விசை தேவைப்படும், அதே அளவு விசை மற்றச் சில்லுக்கும் போகும், வண்டி நகரும்! நவீன பிக்கப் வாகனங்களில் கணினி செய்வதும் அச்சொட்டாக இதையே. சில்லின் வேகத்தை உணரி பார்க்கிறது, வழுக்கும் சில்லைப் பிரேக் பிடிக்கிறது. வன்னி ஓட்டுநரின் கால் படித்த வித்தையை மென்பொருளாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

லாண்ட்மாஸ்டரை மறக்கலாமா! இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் டிபரன்சலே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? இரண்டு சில்லும் எப்போதும் பூட்டியபடிதான். திரும்ப வேண்டுமென்றால் கைப்பிடிக்குக் கீழுள்ள கிளச்சைப் பிடிக்க, அந்தப் பக்கச் சில்லுக்குப் போகிற வலு அறுந்து வண்டி அந்தப் பக்கம் திரும்பும். ஆனால் பெட்டியில் பாரம் ஏற்றிக்கொண்டு குளக்கட்டுச் சரிவில் இறங்கும்போது இடது கிளச்சைப் பிடித்தால் வண்டி வலதுக்கு ஓடும்! சரிவில் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். கிளச்சைப் பிடித்ததும் அந்தச் சில்லு கட்டவிழ்ந்து முந்தி ஓடிவிடும். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் வாய்க்காலுக்குள் போவது இதனால்தான். பழகுகிற பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இந்த இயந்திரத்தை உலகுக்குத் தந்ததில் இலங்கையருக்கு ஒரு பெரிய பங்கு உண்டு என்பது இன்னும் வியப்பு! ரே விஜேவர்தன என்ற பொறியியலாளர் 1950களில் வடிவமைத்ததுதான் பிரித்தானியாவின் லாண்ட்மாஸ்டர் கம்பனி மூலம் சந்தைக்கு வந்தது. அவர் விமானமும் ஓட்டினார், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியிலும் இறங்கினார். பிற்காலத்தில் அதே மனிதர் மண்ணைப் புரட்டாத விவசாயமே வெப்பநாடுகளுக்கு ஏற்றது என்று ஊர் ஊராகப் பேசினார்.

இப்போது மின்சாரத்துக்கு வருவோம். 2021இல் வாடிக்கையாளர் கைக்கு வந்த அமெரிக்காவின் ரிவியன் ஆர்1ரீ பிக்கப்பில் சில்லுக்கொரு மோட்டராக நான்கு! டிபரன்சலும் இல்லை, லொக்கும் இல்லை. எந்தச் சில்லு எவ்வளவு சுழல வேண்டும் என்பதைக் கணினி மில்லிசெக்கன்களில் தீர்மானிக்கிறது. 2024இல் வந்த மெர்சிடிஸ் ஜீ 580 இடப்பக்கச் சில்லுகளை முன்னுக்கும் வலப்பக்கச் சில்லுகளைப் பின்னுக்கும் சுழற்றி, நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும்!

அப்படியானால் லொக்கின் காலம் முடிந்ததா? இல்லவே இல்லை! 2023இல் வந்த டெஸ்லா சைபர்ட்ரக்கின் இரண்டு மோட்டர் வண்டியில் முன்னும் பின்னும் லொக் இருக்கிறது. ஹம்மர் மின்சாரப் பிக்கப் பின்சில்லு இரண்டுக்கும் தனித்தனி மோட்டர் வைத்துக்கொண்டு, முன்னச்சில் லொக்கைப் பூட்டியிருக்கிறது. காரணம் நேரானது. நான்கு மோட்டர் வண்டியில் மூன்று சில்லு பிடியில்லாமல் நின்றால், மிஞ்சிய ஒரு சில்லுக்குக் கிடைப்பது அதனுடைய ஒரு மோட்டரின் விசை மட்டுமே. லொக் போட்ட அச்சில் பிடியுள்ள சில்லு அச்சின் முழு விசையையும் வாங்கிக்கொள்ளும். கற்பாறையில் ஒரு கால் மட்டும் ஊன்றி ஏறுகிற நேரத்தில் இந்த வித்தியாசம் தெரியும். சேற்றுநிலத்துக்கு ஒரு வண்டி தெரிவு செய்வதென்றால் நான் இன்றும் லொக் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.

அடுத்துக் கேட்க வேண்டியது எடை. ரிவியன் 3,000 கிலோவுக்கு மேல், ஹம்மர் ஏறத்தாழ 4,100 கிலோ! நாம் நன்கு பழகிய டீசல் டபிள் கப் இரண்டாயிரம் கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். மாரியில் ஊறிய வயல்மண்ணுக்கு மோட்டரின் நுட்பம் தெரியாது, பாரம் மட்டும்தான் தெரியும். முல்லைத்தீவுக் கரையின் மணலிலும் இதே கதை; அங்கே ரயரின் காற்றைக் குறைத்து நிலத்தோடு படுகிற பரப்பைக் கூட்டினால்தான் மேலே மிதந்து போகலாம்.

வெள்ளத்தில் மின்சார வண்டிதான் டீசலைவிட ஆழமாக இறங்கும் என்றால் நம்புவீர்களா? எஞ்சின் மூச்செடுக்க வேண்டும். காற்றுக்குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சினால் உருளைக்குள் அமுங்காத நீர் கொனெக்ரிங் றொட்டை வளைத்துவிடும். மோட்டருக்கு மூச்சே வேண்டாம்! எரிபொருளில் ஓடுகிற ஜீ வகுப்பு வண்டிக்கு 70 சென்ரிமீற்றர் ஆழம், மின்சார ஜீ 580க்கு 85. ரிவியனுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடானதே, அப்படியான நாட்களில் இந்தப் பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர் சின்ன விடயமல்ல.

ஆனால் பரந்தனிலிருந்து வருகிற றோட்டில் புதுக்குடியிருப்பைத் தாண்டிப் போனால் வட்டுவாகல். மாரியில் நீர் மேவிப் பாயும் அந்தத் தாழ்ந்த பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதுப்பாலம் கட்டும் வேலை 2025இல்தான் தொடங்கியது. அங்கே நந்திக்கடல் நீர் கடலோடு கலக்கிற இடம், உப்பு! 2022இல் இயன் புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் புளோரிடாவில் கடல்நீரில் மூழ்கிக் கிடந்த மின்சாரக் கார்கள் பல நாட்கள் கழித்துத் தீப்பற்றின. பற்றரிக்குள் புகுந்த உப்புநீர் மின்னைக் கடத்தி, காய்ந்த பிறகும் படிந்த உப்பு குறுக்குச் சுற்று உண்டாக்கியதுதான் காரணம். நல்ல தண்ணீரில் தேறிய வண்டி உப்புத் தண்ணீரிலும் தேறும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது!

தண்ணீர் டிபரன்சலுக்குள் எப்படி நுழைகிறது தெரியுமா? ஓடி ஓடிச் சூடான டிபரன்சல் திடீரெனக் குளிர்ந்த நீருக்குள் இறங்கும்போது உள்ளேயுள்ள காற்றுச் சுருங்கி, ஒயில் சீல் வழியே வெளித்தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கராஜில் அடி நட்டைக் கழற்றினால், பொன்னிறமாக வர வேண்டிய ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வழியும். இதைத் தடுக்கத்தான் டிபரன்சலின் மூச்சுக்குழாயை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டுகிறார்கள். மோட்டர் வந்தாலும் பற்சில்லும் ஒயிலும் போகவில்லை, ஆகவே இந்தத் தொல்லையும் போகவில்லை.

கிரவல் றோட்டில் அலை அலையாக விழுகிற மேடுபள்ளம் வண்டியின் ஸ்பிரிங் துள்ளுவதால் வருகிறது என்றுதானே நினைத்தோம்? 2007இல் லியோன், ரொறொன்ரோ, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மணலில் வெறும் சில்லை உருட்டிப் பார்த்தார்கள். ஸ்பிரிங்கே இல்லாமலும் அலை எழும்பியது! ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் போதும். உள்றோட்டுகளில் சாரதிகள் நட்டு, போல்ட் கழன்று தவிப்பதன் மூலகாரணம் இங்கேதான். உறுதிச் சோதனைத் தடங்களில் இதே அலையைக் கொங்கிறீட்டில் வார்த்து வைத்திருக்கிறார்கள். அந்த உலுக்கலை மனித உடம்பு தாங்காது என்று 2013இல் ஃபோர்ட் கம்பனி சாரதி இருக்கையில் றோபோவை உட்கார்த்தியது! தமிழ்நாட்டில் காஞ்சிபுரத்துக்குக் கிட்ட, செய்யாறில் மகிந்திரா கம்பனிக்கு 454 ஏக்கரில் இப்படியொரு சோதனைத்தளம் இருக்கிறது. எங்கள் உள்றோட்டுகள் எந்தச் செலவும் இல்லாமல் அதே பரீட்சையை நாள்தோறும் வைக்கின்றன.

ஊரெல்லாம் ஓடுகிற பட்டா வாகனத்துக்கும் மின்சார வடிவம் வந்துவிட்டது, தெரியுமா? பட்டா என்று நாம் சொல்கிற ரட்டா ஏஸின் மின்வண்டியை இந்தியாவில் 2022 மே மாதம் அறிமுகம் செய்தார்கள். அதே காலத்தில் இங்கே மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் விவசாயிகள் வரிசையில் நின்றார்கள். 1990களின் பொருளாதாரத் தடையில் சில துளி பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களைக் கண்ட ஊர் இது. எரிபொருள் இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே கடைசியாக இந்தக் கணக்கையும் பாருங்கள்: ஃபோர்ட் எஃப்-150 லைற்னிங் பிக்கப்பின் பெரிய பற்றரியில் 131 கிலோவாற்று மணி மின்சாரம். வண்டியில் உள்ள பிளக்குகள் வழியாக மொத்தம் 9.6 கிலோவாற்று வரை வெளியே எடுக்கலாம். கச்சான் தோட்டத்துக் கிணற்றில் இரண்டு கிலோவாற்று இழுக்கிற நீர்ப்பம்பியை அதில் கொழுவினால், அறுபது மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தாமல் தண்ணீர் இறைக்கலாம்!