மீன்தொட்டி கசியாதிருக்க

வரவேற்பறையில் ஒரு மீன்தொட்டி இருந்தால் வீட்டிற்கே தனிக்களை உண்டாகிறது. ஆனால், அத்தொட்டியின் கண்ணாடியிலே துளையிட்டு, நீரை வடிகட்டிக்குக் கொண்டுசெல்லும் குழாயைப் பொருத்தியபின் வீட்டார் நிம்மதியாக உறங்குவது எளிதன்று. நாம் பொருத்திய மறுநாட் காலையில் தரையெங்கும் தண்ணீர். தொட்டியிலே நான்கு விரற்கடை நீர் குறைந்திருந்தது. கடைக்காரரை நொந்துகொண்டோம். பிழையோ நம்முடையது, றப்பர் வளையத்தை மறுபக்கத்திற் போட்டிருந்தோம்!

மூன்றடி நீளமும், ஒன்றரையடி அகலமும், ஒன்றரையடி உயரமுமுள்ள தொட்டி ஏறத்தாழ 190 லீற்றர் நீர் கொள்ளும். அத்தனையும் தரைக்கு வர ஒரு மயிரிழை இடைவெளி போதும்.

துளையிடும் வேலையைக் கண்ணாடிக் கடையாரிடம் விட்டுவிடுவதே நலம். சூடேற்றி வன்மைப்படுத்திய கண்ணாடியாயின் துளையிடவே கூடாது. தொட்ட மாத்திரத்தில் நொறுங்கிவிடும்.

தண்ணீர்த் தாங்கிகளுக்குப் பூட்டும் பிளாஸ்டிக் பொருத்தியே இதற்கும் ஏற்றது. அதற்கு அகன்ற தலையும், புரிவெட்டிய கழுத்தும், நட்டும், ஒரு றப்பர் வளையமும் உண்டு. தலை தொட்டியின் உள்ளே நிற்க, வளையம் அத்தலைக்கும் கண்ணாடிக்கும் இடையில் அமையவேண்டும். வெளியே நட்டின் பக்கத்தில் இட்டால், நீர் துளைக்குள் நுழைந்து புரிகளின் வழியே கசிந்துவிடும்; நட்டைத் திருகும்போது வளையமும் முறுகும். வளையம் படியும் இடத்தில் மணலோ பழைய பசையோ இருத்தலாகாது. வளையத்திற்குச் சிலிக்கன் பசையும் வேண்டியதில்லை. அது றப்பரை வழுகச்செய்யும்.

நட்டைக் கையால் இறுகத் திருகி, பின்னர் கால்வாசிச் சுற்று மட்டுமே திருகுக. குறட்டைக் கண்டதும் பலங்காட்ட விரும்பும் ஆடவர் இதைக் கவனிப்பாராக! மிகையாக இறுக்கினால் றப்பர் பிதுங்கும். கண்ணாடி வெடிக்கவுங் கூடும். வெளிக்குழாயின் பாரம் பொருத்தியை இழுக்காதவாறு குழாய்க்குக் கீழே ஒரு தாங்கலும் வைக்கவேண்டும்.

நாம் மீன்களைப் பழைய நீருடன் பெரிய வாளிக்கு மாற்றிவிட்டு, எல்லாவற்றையுங் கழற்றி மீண்டும் பூட்டினோம். தொட்டியை நிரப்பி, பொருத்தியின் கீழே கடதாசி விரித்து, 24 மணிநேரம் விட்டுவைத்தோம். இரவில் மும்முறை எழுந்து தடவிப் பார்த்ததை ஒளிப்பானேன்? மறுநாள் கடதாசி உலர்ந்தே கிடந்தது. அன்று மாலை மீன்கள் வீடு திரும்பின.