மஞ்சள் பைத்திய எறும்பு: அடையாளம் காண்பது எப்படி?

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே, கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் 2022இல் ஆடு மாடுகளை மொய்த்து, குடியிருப்புகளுக்குள்ளும் புகுந்தவை மஞ்சள் பைத்திய எறும்புகள். அறிவியல் பெயர் அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் உண்டு.

பெயரை நம்பி மஞ்சளை மட்டும் தேடினால் ஏமாற நேரிடும். வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்பு வரை நிறம் மாறும். வயிறு சற்றுக் கருத்திருக்கும். உடலமைப்பே உறுதியான அடையாளம். நீளம் 4 முதல் 5 மில்லிமீட்டர்தான். ஆனால் காலும் உணர்கொம்பும் அந்த உடம்புக்குப் பொருந்தாத நீளம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் உணர்கொம்பின் முதல் கணுவே தலையைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் நீண்டிருப்பது தெரியும். கண்கள் பெரியவை, இடுப்பில் ஒற்றை முடிச்சு. வேலைக்கார எறும்புகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். கூட்டைக் கலைத்தால் தாறுமாறாகச் சிதறி ஓடும்.

மாமரத்து முசுறோடு இதைக் குழப்பிக்கொள்ள இடமுண்டு. முசுறு உருவில் பெரியது, செந்நிறமானது, இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும். இதுவோ கல்லடியிலும் சருகிலும் மரப்பொந்திலும் குடியிருக்கும். இதற்குக் கொடுக்கு கிடையாது. வயிற்று நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஆடு மாடுகளின் கண்ணில் அது பட்டுப் பார்வை போனதாகக் கரந்தமலை மக்கள் சொன்னது இதனால்தான்.

ஒரு கூட்டில் பல ராணிகள் இருக்கும். அக்கம்பக்கத்துக் கூடுகள் ஒன்றோடொன்று சண்டையிடாமல் ஒரே பெருங்கூட்டமாகப் பரவுவதே இதன் பலம். இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் இப்படிப் பெருகி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட செந்நண்டுகளைக் கொன்றது. அங்கே செதில் பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீர்தான் அதற்குத் தீனி. எறும்பை நேரடியாக அழிப்பதைவிட அந்தத் தீனியை நிறுத்துவது மேல் என்று கருதி, 2016இல் செதில் பூச்சியைத் தாக்கும் நுண்குளவியைத் தீவில் விட்டார்கள்.

வீட்டைச் சுற்றிப் பூச்சிமருந்து தெளித்தால் வெளியே திரிபவை சாகும், ராணிகள் தப்பிவிடும். வேலைக்கார எறும்புகளே கூட்டுக்குச் சுமந்து செல்லும் நஞ்சூட்டிய இரைதான் ராணி வரை போய்ச் சேரும். அதற்கு முன் நாலைந்து எறும்புகளை ஆல்கஹால் ஊற்றிய குப்பியில் போட்டு, வேளாண் கல்லூரிப் பூச்சியியல் துறையில் காட்டி இனத்தை உறுதிசெய்வது நல்லது. நசுங்கிய எறும்பில் கொம்பும் முடிச்சும் சிதைந்திருக்கும். எந்த இனமென்று சொல்வது கடினம்.