ரப்பர் தோட்டத்திலிருந்து ராணுவத்துக்கு: நேதாஜி படையில் யார் யார் இருந்தாங்க?

சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே சாயங்காலம் போனா, அத்தோ கடைகளில் கூட்டம் அள்ளும். பக்கத்திலேயே 1969-ல் உருவான பர்மா பஜார். 1964-ல் நெ வின் அரசு கடைகளை, தொழில்களை நாட்டுடைமை ஆக்கியதும், ரங்கூனில் கப்பலேறி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய குடும்பங்கள் இவை. வியாசர்பாடி, எண்ணூர் பக்கமெல்லாம் குடியேறினார்கள். அப்படி வந்த வீடுகளில் 'தாத்தா நேதாஜி படையில இருந்தாராம்' என்ற பேச்சு அடிபடுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்தப் படையின் கடைசிச் சண்டைகள் நடந்ததே பர்மாவில்தான்.

சரி, அந்த இந்திய தேசிய ராணுவத்தில் யார்தான் இருந்தார்கள்?

முதலில் போர்க்கைதிகள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை வைத்து மோகன் சிங் கட்டிய முதல் படை, ஜப்பானியரோடு முட்டிக்கொண்டு அந்த வருடக் கடைசியிலேயே கலைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் வந்தபிறகுதான் ஆட்டமே மாறியது.

கைதிகள் மட்டும் போதாது, பொதுமக்களும் வேண்டும் என்றார் போஸ். மலேயாவில் அப்போது இருந்த இந்தியர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். முதல் டிவிஷன் பழைய சிப்பாய்களை நம்பி நின்றது. இரண்டாவது, கலவை. மூன்றாவதுக்கு ஆள் கொடுத்தது பெரும்பாலும் மலேயா பொதுமக்கள்தான். நேற்றுவரை பால் வெட்டிய கையில் இன்று துப்பாக்கி. அதுவும் பல நேரம் பிரிட்டிஷார் விட்டுப்போன பழைய துப்பாக்கி. பீரங்கி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

இன்னொரு சிக்கல், மொழி. அணிவகுப்புக் கட்டளைகள் இந்துஸ்தானியில். எழுதியது ரோமன் எழுத்தில். தோட்டத் தொழிலாளிக்கு இரண்டுமே புதுசு. போஸின் கூட்டங்களில் அவர் பேச்சைத் தமிழில் மொழிபெயர்க்கத் தனியாக ஆள் நிற்பார்.

எல்லாருமே தேசபக்தியில்தான் சேர்ந்தார்களா? அவ்வளவு எளிதில்லை. போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் பட்டினி. இன்னொரு பக்கம், சயாம் - பர்மா ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் ஆள் பிடித்துப் போனார்கள். அங்கே பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் பசியிலும் செத்தார்கள். படையில் சேர்ந்தால் சோறு உண்டு, ரயில் பாதைக்குப் போக வேண்டாம், கங்காணி முன்னால் கைகட்டி நிற்கவும் வேண்டாம். இதையும் தேசபக்தியையும் பிரித்துப் பார்க்க முடியுமா என்ன?

பெண்களும் வந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணி படை. அதிலும் பெரும்பாலோர் மலேயாத் தமிழ்ப் பெண்கள். தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் நிறைய.

1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றங்கரையில் பரீட்சை வந்தது. நியாங்ஊ - பகான் பகுதியைக் காத்தது குர்பக்ஷ் சிங் தில்லானின் ரெஜிமென்ட். அதில் தமிழ்த் தொண்டர்களும் இருந்தார்கள். ஆற்றைக் கடந்து வந்ததோ பிரிட்டிஷாரின் 7-வது 'இந்திய' டிவிஷன். அந்தப் பர்மா போரில் பிரிட்டிஷாருக்குப் பாலம் போட்டவர்களில் மெட்ராஸ் சாப்பர்ஸும் உண்டு. ஆக, இரண்டு பக்கமும் நம்ம ஆளுங்கதான். விமானமும் டாங்கியும் இல்லாத படை எவ்வளவு நாள் தாங்கும்? சிலர் சரணடைந்தார்கள், மிச்சம் இருந்தவர்கள் போப்பா மலைப்பக்கம் பின்வாங்கினார்கள்.

போர் முடிந்ததும் பழைய சிப்பாய்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்றாகப் பிரித்தது பிரிட்டிஷ் ராணுவம். செங்கோட்டை வழக்கில் ஷா நவாஸ், சேகல், தில்லான் பெயர்கள் நாடு முழுக்கத் தெரிந்தன. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் பிரிட்டிஷ் ராணுவத்தில் எப்போதும் இருந்ததே இல்லை. அதனால் அவர்களுக்கு அந்தப் பட்டியலும் இல்லை, வழக்கும் இல்லை, செய்தியும் இல்லை.

1972-ல் மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியம் கொண்டுவந்தபோது ஐ.என்.ஏ-வினரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஆனால், சிறைச் சான்று வேண்டும். அது இல்லாவிட்டால் உடன் இருந்த கைதியின் சான்று வேண்டும். கட்டிய துணியோடு கப்பலேறியவரிடம் எந்தக் காகிதம் இருக்கும்? உடன் இருந்தவர் ஒருவேளை ஈப்போவில் இருந்திருப்பார், இல்லை ஐராவதிக் கரையிலேயே தங்கிவிட்டிருப்பார்.